கோவை ஏரியா: ஒரு தீபாவளி வாரக் குறிப்புகள்

2025 அக்டோபர் 12, ஞாயிறு

தம்பி மகள் மத்தியானம் திருப்பூரிலிருந்து வந்தாள். பையில் ஒரு திரைக்கதை, கூடவே ஒரு பட்ஜெட் தாள். கண்ணபுரம் மாட்டுத்தாவணியில் நடக்கிற கதை. முழுக்க நம்ம ஊர்ப் பேச்சு. நடிக்கப் போகிறவர்கள் கூத்துக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும். பட்ஜெட் தாளின் அடியில் அறுபது லட்சம் என்று கூட்டியிருந்தது. தம்பியின் தோட்டத்தை வைத்து வாங்கப்போகும் கடனும் அதில் அடக்கம்.

"மெட்ராஸ் பக்கமே போகாம, நம்ம ஏரியாலயே இந்தக் காசு திரும்பி வந்துருங்ளா பெரியப்பா?" என்றாள்.

விநியோக அலுவலகத்தில் ரெப்ரசன்டேட்டிவாகச் சேர்ந்து, கணக்குப் பிள்ளையாக ஓய்வு பெற்றவன் நான். ஏரியா என்ற சொல்லை அவள் என்னைக் கேட்டுக் கேட்டே பழகியிருக்கிறாள். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி சேர்ந்தது கோவை ஏரியா. சேலம் தனி. தமிழ்ப் படம் எதுவானாலும் இப்படித்தான் ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பார்கள்.

அவளிடம் ஓர் உதாரணமும் இருந்தது. நைஜீரியாவின் வடக்கே கானோ என்ற நகரம். அங்கே ஹவுசா மொழியில் படம் எடுக்கிறார்கள். 1990இல் வந்த 'துர்மின் டன்யா' என்ற வீடியோப் படத்தோடு வியாபாரம் தொடங்கியது. 1999இல் ஒரு சினிமாப் பத்திரிகை அதற்குக் கன்னிவுட் என்று பெயர் வைத்தது. நாட்டின் தெற்கே லாகோஸில் இருக்கிற பெரிய சினிமா உலகத்தை எதிர்பார்க்காமல், தங்கள் ஊர்ப் பணத்தில், தங்கள் மொழியில் எடுத்துத் தங்கள் சந்தையிலேயே விற்றார்கள். "அவிங்களுக்கு முடிஞ்சது நமக்கு முடியாதுங்ளா?"

நல்ல கேள்வி. ஆசைப்பட்டவளுக்கு ஆசி மட்டும் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. தீபாவளி முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

அவள் அனுப்பி வைத்த கட்டுரைகளைக் காலையிலிருந்து படித்தேன். கானோவில் எனக்குப் பிடித்த விஷயம், பணம் சுற்றிய சுற்று. அங்கே படத்துக்குத் தியேட்டர் தேவைப்படவில்லை. சந்தையில் கேசட் விற்கிற வியாபாரியே படத்துக்கு முதல் போட்டான். விற்ற காசில் அடுத்த படத்துக்குக் கொடுத்தான். எடுத்தவன், விற்றவன், பார்த்தவன் மூவரும் ஒரே மொழிக்காரர்கள், பல நேரம் ஒரே ஊர்க்காரர்கள். நைஜீரியாவைத் தாண்டி நைஜர், கானா, கேமரூன் என்று ஹவுசா பேசுகிற இடமெல்லாம் கேசட் போயிற்று.

இன்னொன்றும் படித்தேன். இந்தப் படங்களுக்கு முன்னால் கானோ தியேட்டர்களில் பல பத்தாண்டுகள் ஓடியவை இந்திப் படங்கள். 'மதர் இந்தியா'வை அந்த ஊரே கொண்டாடியிருக்கிறது. பாட்டும் ஆட்டமும் கல்யாணத் தகராறும் ஹவுசாப் படங்களுக்குள் வந்தது அந்த வழியாகத்தான் என்கிறார்கள்.

2007இல் ஒரு நடிகையின் அந்தரங்க வீடியோ வெளியானதும் அரசு படப்பிடிப்பையே சில மாதம் நிறுத்தி வைத்தது. தணிக்கை வாரியம் இறுகியது. அதை விடவும் பெரிய அடி, மெமரி கார்டு. கடைக்காரன் செல்போனில் படத்தை ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்தபின் கேசட்டும் வி.சி.டி.யும் வாங்க ஆள் இல்லை. வியாபாரியிடமிருந்து வந்த முதல் நின்றது. இன்று அங்கே பெரும்பாலோர் யூடியூபில் தொடர் போடுகிறார்கள். 2020இல் தொடங்கிய 'இஸ்ஸார் சோ' மாதிரி. தொழில் சாகவில்லை. ஆனால் முதல் வருகிற வழி அவர்கள் சந்தையை விட்டு வெளியே போய்விட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

பழைய டி.சி.ஆர். நோட்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவள் படத்துக்குக் கணக்குப் போட்டேன்.

டி.சி.ஆர். என்றால் தினசரி வசூல் அறிக்கை. படப்பெட்டியோடு ரெப்பும் போவான். காட்சி தொடங்குமுன் ஒவ்வொரு வகுப்புக்கும் டிக்கெட்டின் ஆரம்ப எண்ணைக் குறிப்பான். கவுண்டர் மூடியதும் கடைசி எண். இரண்டுக்கும் வித்தியாசம்தான் ஆள் கணக்கு. தியேட்டர் மேனேஜர் ஒரு கையெழுத்து, ரெப் ஒரு கையெழுத்து. அந்த ஒரு தாளை நம்பித்தான் தயாரிப்பாளர், பைனான்சியர், விநியோகஸ்தர் எல்லாருடைய பங்கும் பிரிந்தது.

இனி கணக்கு. வரி நீக்கி டிக்கெட் ₹120 என்று வைத்துக்கொள்வோம். பெரிய நடிகர் படமென்றால் முதல் வாரத்தில் அறுபது, எழுபது சதவீதம்கூட விநியோகப் பக்கம் வரும். பெயர் தெரியாத படத்துக்குப் பாதிக்குப் பாதி கிடைத்தாலே நல்லது. ஆக ₹60. அதில் விநியோகஸ்தர் கமிஷன் பத்து சதவீதம் போக ₹54. போஸ்டர், விளம்பரம், டிஜிட்டல் புரொஜெக்ஷன் கட்டணம் எதையும் இன்னும் கழிக்கவில்லை.

அறுபது லட்சம் திரும்ப வேண்டுமானால் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் டிக்கெட் விற்க வேண்டும். முப்பது திரை கிடைக்கிறது, தினம் இரண்டு காட்சி, காட்சிக்கு அறுபது பேர் என்று தாராளமாகவே போட்டாலும், ஒரு வாரத்துக்கு 25,200 டிக்கெட். கைக்கு வருவது பதின்மூன்றரை லட்சம் சுமார். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் வந்து நிற்கும். இரண்டாவது வாரம் திரை கிடைக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தக் கணக்கு வேறு. பிரிண்டு விலை அதிகம் என்பதால் ஏரியாவுக்குச் சில பிரிண்டுகள்தான் போடுவார்கள். கோவையில் ஓடி முடித்த பெட்டி பொள்ளாச்சிக்குப் போகும். அங்கிருந்து உடுமலை, தாராபுரம், காங்கயம், கடைசியில் ஊர் ஊராக டூரிங் டாக்கீஸ். மழை விழுந்து கோடு கோடாகிப் போன பிரிண்டைக்கூட ஒரு வருஷம் கழித்துப் பார்க்க ஆள் இருந்தது. நட்சத்திரம் இல்லாத படத்துக்கு அந்த ஒரு வருஷம் பெரிய உதவி. நல்ல படம் என்று வாய்வழியாகப் பரவ நேரம் கிடைத்தது. டிஜிட்டல் வந்தபின் பிரிண்டுச் செலவு போயிற்று. அதே நாளில் எல்லாத் திரையையும் பெரிய படம் பிடித்துக்கொள்ளவும் வழி திறந்துவிட்டது. 2018இல் டிஜிட்டல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் மார்ச் முதல் நாளிலிருந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுப்படம் வெளியிடாமல் நிறுத்தினார்கள். கட்டணத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். சின்னப் படம் திரையில் நிற்க வேண்டிய நாட்களைப் பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

அக்டோபர் 15, புதன்

சிங்காநல்லூர் வரை போய் வந்தேன். வேலை எதுவும் இல்லை. சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்த பக்கத்தை ஒரு தரம் பார்க்கத் தோன்றியது.

இந்த ஊருக்குச் சினிமா வந்த வரிசையே வித்தியாசமானது. கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தபோது 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராக டென்ட் அடித்துக் காட்டினார். 1914இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதே பெயர். அவர் தொடங்கியது காட்டுகிற தொழிலை. எடுக்கிற தொழில் இருபது வருஷம் கழித்து வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகின. ஆலையில் லாபம் பார்த்த கைகள் படப்பிடிப்புத் தளம் கட்டின. ஆலை அதிபர் பி. ரங்கசாமி நாயுடுவும் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்ந்த கூட்டணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டுடியோ உருவானது.

அங்கே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது. தியாகராஜ பாகவதரின் 'சிவகவி' 1943இல். போர்க்காலம், கச்சா ஃபிலிமுக்கு ரேஷன், படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அந்த நெருக்கடியிலும் 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பிறகு ஜுபிடர் பிக்சர்ஸ் ஸ்டுடியோவை எடுத்து நடத்தியது. எம்.ஜி.ஆர். கதாநாயகனான முதல் படம் 'ராஜகுமாரி' 1947இல் அங்கேதான் உருவாயிற்று. மு. கருணாநிதி வசனம் எழுதச் சிங்காநல்லூரில் வந்து தங்கினார். அண்ணாவின் 'வேலைக்காரி'யும் ஜுபிடர் தயாரிப்பே. பின்னாளில் முதலமைச்சர்களான மூன்று பேரும் அந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலோ ஒப்பந்தத்திலோ இருந்தவர்கள்.

அன்று நடிகர்களுக்கு மாதச் சம்பளம். ஸ்டுடியோவே சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து வைத்திருந்தது. அதனால் நடிகர் ஸ்டுடியோ இருக்கிற ஊரில் இருந்தார். நட்சத்திரம் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று பேசத் தொடங்கியபின், கால்ஷீட் அவர் வீடு இருக்கிற ஊருக்குப் போயிற்று. ஒரே நாளில் இரண்டு மூன்று தளத்துக்குப் போகிற நடிகர் கோவைக்கு ரயில் ஏறி வருவாரா? லேப், ரெக்கார்டிங், பைனான்சியர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடம்பாக்கத்தில் குவிந்தன. ஜுபிடரும் சென்னைக்குப் பெயர்ந்தது. நம்ம ஊர் முதலாளிகளுக்குப் பணம் வற்றிவிடவில்லை. அவர்கள் அந்தப் பணத்தைத் தியேட்டரிலும் விநியோகத்திலும் போட்டார்கள். தியேட்டர் நஷ்டப்பட்டாலும் அடியில் நிலம் இருக்கிறது. படம் நஷ்டப்பட்டால் பெட்டியில் சுருள்தான் மிச்சம். கடன் கொடுக்கிற எவனும் முதலில் நிலத்தைத்தான் கேட்பான். கே.ஜி. வளாகத்தில் ராகம், தானம், பல்லவி, அனுபல்லவி என்று அழகாகப் பெயர் வைத்து வரிசையாகத் திரை கட்டிய ஊர் இது. எடுக்கிற தளம் ஒன்றைக்கூடக் காப்பாற்றி வைக்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மழை. வெளியே போகவில்லை. பட்சிராஜாவைப் பற்றி எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இவளுக்கு நான் சொல்லப்போகும் பதிலின் பாதி அதில் இருக்கிறது.

ஸ்ரீராமுலு நாயுடு சென்ட்ரலிலிருந்து விலகி, 1945இல் பட்சிராஜா ஸ்டுடியோவை நிறுவினார். 1954இல் 'மலைக்கள்ளன்'. கதை நாமக்கல் கவிஞருடையது, வசனம் கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். அதைத் தமிழில் மட்டும் வைத்துக்கொண்டு அவர் நிற்கவில்லை. தெலுங்கில் 'அக்கி ராமுடு', இந்தியில் 'ஆசாத்', மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', கன்னடத்தில் 'பெட்டத கள்ள'. சிங்களத்திலும் அதே கதை போயிற்று. 'ஆசாத்'துக்காகத் திலீப் குமாரும் மீனா குமாரியும் கோவைக்கே வந்து நடித்தார்கள். எண்ணிப் பாருங்கள்: பம்பாயின் பெரிய நட்சத்திரம் புலியகுளத்துக்கு ரயிலேறி வந்தார். காரணம், கதையின் உரிமை இந்த ஊரில் இருந்தது, தளமும் இந்த ஊரில் இருந்தது.

சேலத்தில் டி.ஆர். சுந்தரமும் அதே வழி. 1930களின் நடுவில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), மலையாளத்தின் முதல் கலர்ப் படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) என்று நூற்றுக்கு மேல் எடுத்தது. சேலத்தை மட்டும் நம்பி அவர் ஒரு படமும் எடுக்கவில்லை. 1963இல் அவர் மறைந்தபின் வேகம் குறைந்தது. இன்று ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு நிற்கிறது.

ஆக, கொங்கு நாட்டு சினிமா செழித்த காலத்தில் அது கொங்கு மக்களுக்காக மட்டும் எடுத்த சினிமா கிடையாது. முதலும் தளமும் உரிமையும் இங்கே. சந்தை பம்பாய் முதல் கொழும்பு வரை எங்கும். கானோவுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். அவர்களுக்குத் தனி மொழி, பல நாடுகளில் பரவிய மொழி. நம்முடையது தமிழின் ஒரு பேச்சு வழக்கு. கோவையைத் தாண்டினால் நெல்லைக்காரனுக்கும் புரியும், யாழ்ப்பாணத்தானுக்கும் புரியும். அது நமக்குப் பலம். ஏரியாவுக்குள் வேலி போட்டுக்கொண்டால் அந்தப் பலத்தை நாமே வீணாக்குகிறோம்.

அக்டோபர் 17, வெள்ளி

'பைசன்', 'டியூட்', 'டீசல்' மூன்றும் இன்று வெளியீடு. அவினாசி சாலையின் புது ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஏறிப் போனதால் சீக்கிரமே ஊர் மையத்துக்கு வந்துவிட்டேன். பழக்கமான மேனேஜர் ஒருவரோடு டீ. டிக்கெட் விற்பனை இப்போது கம்ப்யூட்டரில். யார் எத்தனை டிக்கெட் வாங்கினார்கள் என்று தயாரிப்பாளர் சென்னையில் உட்கார்ந்தே பார்க்கலாம். ரெப் வேலை கிட்டத்தட்ட இல்லை. மறைத்த டிக்கெட்டைக் கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாட்டுக்கு இது எவ்வளவோ நியாயமான ஏற்பாடு.

அவர் சொன்ன பயனுள்ள செய்தி: செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. நூறுக்கு மேல் பழையபடி 18. சின்ன ஊர்களில் இவள் படத்துக்கு நூறு ரூபாயைத் தாண்டவே கூடாது.

அக்டோபர் 18, சனி

திருப்பூர். சனிக்கிழமை சம்பள நாள், தீபாவளி போனஸும் சேர்ந்துகொண்டது. பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. இந்த ஊரின் சனி இரவு, ஞாயிறு வசூலை நம்பியே பல படங்கள் பிழைத்திருக்கின்றன. பனியன் கம்பெனி ஷிப்ட் விடுகிற நேரத்தைக் கேட்டுத்தான் இரண்டாவது ஆட்டம் தொடங்குவோம். இன்று கம்பெனி வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பிள்ளைகள். அவர்கள் கையிலிருக்கிற போனில் அவர்கள் ஊர்ப் பாட்டு. கொங்கு நாட்டின் டிக்கெட் காசு என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு இனிமேல் தமிழுக்கே வராது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அக்டோபர் 21, செவ்வாய்

தம்பி வீட்டில் எல்லாரும் இருக்கும்போதே பேசினேன். அவளுக்கும் தம்பிக்கும் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அறுபது லட்சம் இந்த ஏரியாவிலிருந்து திரும்பாது. தோட்டத்தின் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். பதினைந்து லட்சத்துக்குள் எடுக்க முடியுமானால் எடு. கூத்துக்காரர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்து அந்த எண்ணுக்கு வராதே; நாட்களைக் குறை, இடங்களைக் குறை. கண்ணபுரம் தாவணி கூடுகிற சித்திரையில் அங்கேயே போய் எடுத்தால் கூட்டத்துக்கும் மாட்டுக்கும் தனியாகச் செலவில்லை.

முப்பது திரையில் ஒரு வாரம் கேட்காதே. ஆறு ஊரில், ஊருக்கு ஒரு திரை, மாலைக் காட்சி ஒன்று, நான்கு வாரம் என்று கேள். தியேட்டர்காரர் மறுத்தால் நானும் கூட வருகிறேன். அதன்பின் மாரியம்மன் நோம்பிகளில் திரை கட்டிப் போடு. ஊர்க்காரர்கள் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கிற பணத்தை உனக்கும் கொடுப்பார்கள். யூடியூப் கடைசியில், உன் பெயரிலேயே உள்ள சேனலில்.

"ஒருத்தரு முழு உரிமையும் கேக்கறாருங் பெரியப்பா. முப்பது லட்சம் தர்றேங்கறாரு" என்றாள். பெயரை நான் கேட்கவில்லை. ஒப்பந்தத்தின் நகலை மட்டும் வாங்கிப் படித்தேன். இன்று இருக்கிற ஊடகத்துக்கும் இனி வரப்போகும் ஊடகத்துக்கும், எல்லா மொழிக்கும், காலவரையின்றி என்று எழுதியிருந்தது. 'மலைக்கள்ளன்' காலத்தில் ஸ்ரீராமுலு நாயுடு இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் 'ஆசாத்' கோவைக்கு வந்திருக்காது. அந்த முப்பது லட்சம் நல்ல தொகைதான். அவளுக்குக் கையும் அரித்தது, தெரிந்தது. ஐந்து வருஷத்துக்கு, தமிழுக்கு மட்டும் என்று திருத்தித் தந்தால் பாதிப் பணத்துக்குக்கூட ஒப்புக்கொள், மற்ற மொழியும் மறு ஆக்க உரிமையும் உன்னிடம் இருக்கட்டும் என்றேன்.

தம்பி கேட்டான்: "அப்படியும் நட்டமானா?"

பதினைந்து லட்சம் நட்டமானால் அவள் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்துக் கட்டிவிடுவாள். தோட்டம் போனால் திரும்பி வராது. படம் எடுக்க நினைக்கிற இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்கிறேன்: நிலத்தை அடமானம் வைத்துப் படம் எடுக்காதீர்கள், உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள், வசூல் கணக்கை மாதாமாதம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.